கிளஸ்டர் சார்

ஒரு வீட்டில் காபி குடித்தால், அடுத்த வீட்டுக்குப் போகுமுன் தெருக்குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் காபி அவ்வளவு மோசமா சார் என்று கேட்டேவிட்டேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியில்லம்மா, ஒரு வீட்டில் சாப்பிட்டது இன்னொரு வீட்டில் போய் மணக்கக் கூடாதில்லையா என்றார். அந்தப் பதிலிலேயே அவருடைய ஜாதகம் முழுக்க இருந்தது. எனக்குத்தான் அது புரிய ரொம்ப வருஷம் ஆனது.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கல்லிடைக்குறிச்சியில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் கிளஸ்டர் சார். திருநெல்வேலியில் தொழில் சம்பந்தமான ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் வேலை, வீடு தச்சநல்லூரில். பாபநாசம் பஸ்ஸில் வந்து எங்கள் ஊரில் இறங்குவார். இந்த ஆற்றங்கரை நெடுக எந்த ஊரில் எந்தத் தொழிலைப் பலபேர் சேர்ந்தாற்போல் செய்கிறார்கள் என்று கண்டறிந்து அதைத் தூக்கி நிறுத்துவதுதான் அவர் வேலை. பத்தமடையில் பாய், வீரவநல்லூரில் துண்டு, எங்கள் ஊரில் அப்பளம். ஒரே தொழில் ஒரே இடத்தில் கூட்டமாக நடந்தால் அதற்குக் கிளஸ்டர் என்று பெயராம். அப்பளம் இடுகிற பெண்கள் அந்தப் பெயரை அவருக்கே சூட்டிவிட்டார்கள்.

அவருக்கு முன்னாலும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். காய்கிற அப்பளத்துக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பொரித்துக் கொடுத்ததைத் தின்பார்கள். இது முக்கியமான தொழில் என்று எங்களிடமே சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். எங்களைக் கண்டுபிடிப்பதில் மட்டும் அரசாங்கத்துக்குச் சலிப்பே வந்ததில்லை. இவர் ஒருத்தர்தான் கண்டுபிடித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தார்.

நான் என் மாமனார் தொடங்கிய அப்பளப் பட்டறையை நடத்துகிறவள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், உளுந்த மாவுக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அதனால் பொறுப்பு முழுக்க என் தலையில். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்பளம் பொரிவதற்காக அப்பளக்காரம் என்று ஒருவகை உப்பு சேர்ப்போம். அதையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து மாவில் ஊற்றிப் பிசைகிற நேரத்தில் உள்கதவைச் சாத்திவிடுவோம். வேலைக்கு வந்த பெண்கள் முன்கட்டில் காத்திருப்பார்கள். வீட்டு ஆள் ஒருவர் மட்டும் உள்ளே இருப்பார். அந்தக் கலவைதான் அந்த வீட்டின் மானம். கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள், வந்த மருமகளுக்குத்தான் சொல்வார்கள்.

எனக்கும் என் மாமியார் சொன்னாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு மளிகைக் கடையில் நீல அட்டைப்பெட்டியில் காரம் விற்கும். அதை வாங்கி வந்து பித்தளைத் தூக்குவாளியில் தட்டிவிட்டு, பெட்டியை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பரம்பரை ரகசியம். மாமனார் காலத்தில் வேறு ஏதோ பக்குவம் இருந்ததாம், அது அவரோடு போய்விட்டது. ஊரில் மற்ற வீடுகளில் எல்லாம் அசல் இருக்கிறது, நாங்கள் மட்டும்தான் கடைச்சரக்கு என்று நினைத்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தேன்.

கிளஸ்டர் சார் ஒருத்தருக்குத்தான் எல்லா வீட்டு உள்கதவும் திறந்தது. வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மேலிடத்துக்கு எழுத முடியும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் வீட்டில் அவர் உள்ளே வந்த அன்று நீலப்பெட்டியை எடுத்து மறைக்க மறந்துபோனேன். அடுப்பு மேடையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மேற்கே கறுக்குதே, மழை வருமாம்மா என்றார்.

அவரிடமிருந்து ஊர்க்கதை பிடுங்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். எங்கள் ஊரிலேயே பெரிய பட்டறை அடுத்த தெரு அண்ணாச்சியுடையது. பட்டறைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வருவார் கிளஸ்டர் சார். அண்ணாச்சி வீட்டில் எப்படிப் பிசைகிறார்கள், என்ன பெருங்காயம் என்று நான் சுற்றி வளைத்துக் கேட்பேன். எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அங்கன நல்ல காபி குடுத்தாங்கம்மா."

என்னைப் பற்றி அண்ணாச்சி கேட்டபோதும் இதையேதான் சொன்னாராம். ஆக, ஊர் முழுக்க நல்ல காபி என்கிற ஒரு தகவல் மட்டும்தான் அவர் மூலம் எல்லாருக்கும் கிடைத்தது.

இது எப்போதும் சிரிக்கிற விஷயமாகவே இருக்கவில்லை. என் நாத்தனார் மகளுக்கு உள்ளூரிலேயே ஒரு பட்டறை வீட்டுப் பையனைப் பார்த்தோம். அந்த வீட்டுக்குப் போக வர இருப்பவர் இவர் என்று, பையன் எப்படி சார் என்று கேட்டேன். அது எனக்குச் சொல்ல வராதும்மா என்று எழுந்துவிட்டார். குறை இருந்தால் சொல்லியிருப்பார் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். பையன் பகலிலேயே குடிக்கிறவன். வருஷம் திரும்புவதற்குள் பெண் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த தடவை அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கு என்று வாங்கினேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்த வீட்டுல என்னைய உள்ள விட்டது மாவைப் பாக்கதுக்கும்மா. பையனைப் பாக்கதுக்கு இல்ல."

அன்று காபி வேண்டாம் என்றுவிட்டுப் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் அந்த நீலப்பெட்டியை நினைத்தால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றும்.

எங்கள் தொழிலுக்கு முதலாளி வெயில்தான். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது. ஈரம் நின்றால் பூசணம் பூத்துவிடும். அப்பளம் இடாவிட்டால் இடுகிற பெண்களுக்குக் கூலி கிடையாது. தெருவுக்குத் தெரு இதை நம்பி உலை வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இப்போது என்னிடம் வேலை செய்கிற செல்வி, மாஞ்சோலையில் தேயிலை பறித்தவள். தோட்டத்தை மூடி மலையை விட்டு எல்லாரும் இறங்கியபோது அவளும் இறங்கி வந்தாள். அங்கே கொட்டுகிற மழையிலும் கொழுந்து பறிப்பாளாம். மழை பெய்தால் சும்மா இருக்கச் சொல்கிற வேலையை இங்கேதான் பார்க்கிறேன் என்று வந்த புதிதில் என்னிடம் சொன்னாள்.

கிளஸ்டர் சார் இந்த மழையைத்தான் பிடித்தார். சூடான காற்றை உள்ளே விட்டு அப்பளத்தை உலர்த்துகிற ஒரு பெரிய கூடம், எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக. அது வந்தால் மழை மாசத்திலும் பெண்களுக்குக் கூலி. அரசாங்கம் பெரும்பங்கு போடும். ஆனால் கூடம் மட்டும் கேட்டால் கட்டடம் கேட்கிறார்கள் என்று மேலிடத்தில் தள்ளுபடி செய்துவிடுவார்களாம். மாவு பிசைகிற பெரிய இயந்திரமும் அதோடு சேர்ந்து வர வேண்டும், எல்லாப் பட்டறையும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்து அதில் பிசைய வேண்டும் என்று விதி.

வீடு வீடாக அலைந்தார். மாவையும் கலவையையும் அவரவர் வீட்டிலேயே கதவைச் சாத்திக் கலந்துகொண்டு வரலாம், இயந்திரம் பிசைய மட்டும்தான் என்று அவரே ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவராக இறங்கி வந்தோம். கன்னடியன் கால்வாய்க் கரையில் இடம்கூடப் பார்த்தாயிற்று. ஒரே பெஞ்சில் உட்காராத நானும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். அந்த நாட்களில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவார். இந்த மழைக்கு இல்லாட்டாலும் அடுத்த மழைக்குக் கூடம் வந்துரும் என்று அப்பளம் இடுகிற பெண்களிடம் அவரே போய்ச் சொன்னார். அவர் யாரிடமும் வாக்குக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சென்னையிலிருந்து குழு வந்து பார்த்து, சரி என்றால் வேலை தொடங்கும். பட்டறைக்காரர்கள் ஒற்றுமையாகப் பொது இயந்திரத்தை உபயோகிப்பார்களா என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மதுரையிலிருந்து ஒரு இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து சங்கக் கொட்டகையில் நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் கலந்த மாவைப் பாத்திரத்தில் வைத்து, மேலே துணி கட்டி எடுத்துக்கொண்டு போனோம். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி வரிசையாக நின்றோம்.

குழுத் தலைவர், ஆரம்பிக்கலாமே, யார் முதலில் என்றார்.

யாரும் நகரவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்து, முதல்ல நீங்க போடுங்கம்மா என்றார். மூத்தவங்க இருக்கும்போது நான் எப்படி அண்ணாச்சி என்றேன். அவர் இன்னொருத்தரைக் காட்டினார், அவர் அடுத்தவரைக் காட்டினார். குழுவில் வந்த ஒரு அம்மாள், என்ன மரியாதை பாருங்கள் என்று மெச்சிக்கொண்டாள். மரியாதையாவது மண்ணாவது. இயந்திரத்தில் முதலில் பிசைகிறவர் மாவு கொஞ்சமாவது உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது வருகிறவர் அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் போதும், எங்கள் ஊர் நாக்குக்கு அந்த வீட்டுக் கலவை என்னவென்று தெரிந்துவிடும். அதனால் எல்லாருக்கும் இரண்டாவதாகப் போக வேண்டும். முதலாவதாகப் போக ஆள் இல்லை.

கிளஸ்டர் சாருக்கு ஒரு நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொருத்தர் பிசைந்த பிறகும் வெந்நீர் விட்டுக் கழுவிவிடலாம் என்றார். பெருங்காயம் கழுவினால் போகாது என்றார் அண்ணாச்சி. கடையில் மாவு வாங்கி வந்து நானே முதலில் போடுகிறேன் என்றார் கிளஸ்டர் சார். அப்புறம் இரண்டாவது யார், மூன்றாவது யார் என்று அதற்கும் இழுபறி. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும் கிளஸ்டர் சாரிடம் நேராகக் கேட்டார்.

"நீங்க எல்லா வீட்டுலயும் உள்ள போய்ப் பார்த்திருக்கீங்க. அப்படி என்ன வித்தியாசம் இருக்கு இவங்க மாவுல? இருக்கா, இல்லையா?"

எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"அது அவங்கவங்க வீட்டு விஷயம் சார்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது. சுற்றிலும் எல்லார் முகத்திலும் அதே நிம்மதி தெரிந்தது. அது ஏன் எல்லார் முகத்திலும் தெரிகிறது என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. குழு காரில் ஏறிப் போய்விட்டது. இந்த ஊரில் ஒற்றுமை போதாது என்று எழுதிவிட்டார்களாம், கூடம் வேறு எங்கோ போய்விட்டது. துணி கட்டின பாத்திரங்களோடு நாங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம். அவர் கொட்டகையில் தனியாக நின்று, வாடகை இயந்திரத்தைத் திருப்பி ஏற்றுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு தீபாவளிச் சமயம் அம்பாசமுத்திரத்து மளிகைக் கடையில் போய், மற்ற சாமான்களுக்கு நடுவே மெதுவாகக் காரம் கேட்டேன். தீர்ந்துபோச்சு என்றார் கடைக்காரர். வயசான மனிதர், மகனிடம் கடையை ஒப்படைக்கிற நேரம், மனசில் எதையும் வைத்துக்கொள்ள விருப்பமில்லாத வயசு.

"உங்க ஊர்க்காரங்கதான் முந்திக்கிட்டு வாங்கிட்டாங்கம்மா. காலையில ஒருத்தர் வாராரு, மத்தியானம் ஒருத்தர். அண்ணாச்சி வீட்டுக்கு மூடையாவே போவுது. ஒவ்வொருத்தரும் வெளிய சொல்லிராதீரும்னு சொல்லிட்டுப் போறாங்க. இந்த நீலப்பெட்டி உங்க ஊரைத் தவிர வேற எங்கயும் போவல, பாத்துக்கிடுங்க."

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர் முழுக்க ஒரே பெட்டி. ஒருத்தர்கூட அசல் இல்லை. ஒவ்வொரு வீட்டு உள்ளறையிலும் நின்று அதைப் பார்த்த ஒரே ஆள் கிளஸ்டர் சார். அன்று கொட்டகையில், வித்தியாசம் இல்லை சார், எல்லாம் ஒண்ணுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிஷம் எங்கள் மானம் போயிருக்கும், ஆனால் யாருக்கும் யாரிடமும் ஒளிக்க எதுவும் இருந்திருக்காது. கூடம் வந்திருக்கும்.

அதற்குள் அவர் ஓய்வு பெற்றுத் தச்சநல்லூரிலேயே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இளைத்திருந்தார். பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துதான் பேச முடிந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும்லா சார், எல்லாம் ஒரே காரம்தான்னு என்று கேட்டேன். அதற்கும் அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தா கூடம் வந்திருக்கும்லா, எத்தனை பொம்பளைங்க மழைக்காலத்துல கஞ்சி குடிச்சிருப்பாங்க என்று கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நெனைக்காத நாள் இல்லம்மா. அன்னைக்கு வாயைத் தொறந்தேன். சொல்லிருவோம்னுதான் தொறந்தேன். வரல."

கொள்கை, நாணயம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வரல என்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது. கொண்டுபோன அப்பளக் கட்டு ஒன்றை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். தகவல் கேட்டு நான் தச்சநல்லூர் போய் இறங்கினால், எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் அந்தத் தெருவில் நிற்கிறார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொள்ளாமல், தனித்தனியாக வண்டி பிடித்து வந்திருக்கிறார்கள். தன் வீட்டுக்கு மட்டும் அவர் நெருக்கம் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். அவர் ஆயுசு முழுக்க ஒன்று சேர்க்கப் பாடுபட்ட கூட்டம், ஒரு ஆள் குறையாமல் அவர் வாசலில் கூடி நின்றது. அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கமான மனுசன்மா. நம்ம வீட்டு விஷயம் ஒண்ணு அவரு வாயில வெளிய வந்தது உண்டா?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. எல்லாரும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டால் நாளைக்கே மறுபடியும் மனுப் போடலாம். அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். எழுபது வயசு மனிதர், தன் அப்பா விட்டுப்போன பக்குவம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர், மகன்களும் மருமகள்களும் சுற்றி நிற்கிறார்கள். ஆமா அண்ணாச்சி என்றேன். வேறு எதுவும் வரவில்லை.

இந்த ஐப்பசியில் ஒரு வாரமாக மழை விடவில்லை. நேற்றுக் காலை செல்வி பையோடு வந்து நின்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மகள் இருக்கிறாள், அங்கேயே போகிறேன் என்றாள். இந்த வயசில் அங்கே போய் என்ன செய்வாய் என்றேன். நூல் பிசிறு வெட்டுகிற வேலையாம், கூரைக்கு உள்ளே வேலையாம். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"முன்னாடி இங்கன ஒரு கூடம் வர இருந்துச்சாமே அக்கா. அது இருந்தா நான் என்னத்துக்குப் போவேன். அது ஏன் வராமப் போச்சு?"

எனக்குத் தெரியும். இந்த ஊரில் அதற்குச் சரியான பதில் தெரிந்தவள் இன்று நான் ஒருத்திதான்.

"மழை வலுக்குது செல்வி," என்றேன். "நனையாமப் போ."

அவள் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முன்கட்டில் மற்றப் பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.